ஊரைத் தண்டித்த அரசும் ஊர் கேட்ட விடுதலையும்

ஏகாதிபத்தியத்தின் வன்முறையும் அதன் கீழ் வளர்ந்த தேசிய உணர்ச்சியும் என்பது இந்த ஆண்டின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குக் குறிக்கப்பட்ட பொருள். உலகம் முழுவதற்கும் விரியக்கூடிய பொருள்தான். ஆனாலும் பாளையம்பட்டியில் நின்றுகொண்டு அதைப் பேசும்போது, அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் என்று நீளும் இந்த மானாவாரி நாட்டை மையமாக வைத்தே பேச விரும்புகிறேன். அந்நியன் அடித்தான், அடிபட்டவனுக்குக் கோபம் வந்தது, கோபம் திரண்டு தேசியமாயிற்று என்று நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். இதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை. துன்பப்பட்ட எல்லா மக்களும் தேசியவாதிகள் ஆகவில்லை. பஞ்சத்தில் செத்தவர்கள் கொடி பிடிக்கவில்லை. எந்த வன்முறை மக்களை ஒன்றாக நிற்க வைத்தது, எது அவர்களைச் சிதறடித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றம் செய்தவனை விட்டு அவன் ஊரை, அவன் பாளையத்தை, அவன் பிறந்த குடியை மொத்தமாகத் தண்டித்த இடங்களில்தான் எதிர்ப்பு கூட்டமாகத் திரண்டது. அந்தக் கூட்டத்தின் எல்லையும் பெரும்பாலும் அரசு போட்ட எல்லையாகவே அமைந்தது. நாட்டையே வளைத்துக் கோடு போட்டபோது நாட்டுணர்ச்சி வந்தது. ஒரு சாதியை வளைத்துக் கோடு போட்டபோது சாதியுணர்ச்சியும் சேர்ந்தே வளர்ந்தது.

சான்றுகளை 1795இலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தார்கள். 1809இல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே அவர் இறந்தார். 1798இல் கலெக்டர் ஜாக்சன், பேட்டி தருவதாகச் சொல்லி, வீரபாண்டிய கட்டபொம்மனைத் தன் முகாம் போகும் ஊர்களுக்கெல்லாம் அலைய வைத்தார். குற்றாலத்தில் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, கமுதி வழியாக இராமநாதபுரத்தில் முடிந்த அந்த அலைச்சலின் கடைசிப் பகுதி இந்த மண்ணில்தான் நடந்தது. பாவாலியிலிருந்து கமுதிக்குப் போகிறவர் இந்த நாட்டைக் கடந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு, 1799 ஏப்ரலில், சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி ஆகிய ஊர்களில் இருந்த கும்பினிக் கச்சேரிகளும் கிடங்குகளும் தாக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சிப் போருக்குச் சில மாதங்கள் முன்பே நடந்த கிளர்ச்சி இது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கிளர்ச்சியை அடக்கிய விதத்தைக் கவனியுங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, மேஜர் பானர்மன் மற்றப் பாளையக்காரர்களை அங்கே வரவழைத்து நிறுத்தியிருந்தார். தண்டனை ஒருவருக்கு, பாடம் எல்லாருக்கும் என்பது திட்டம். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்தபின் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்க ஆணை பிறந்தது. தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை கமுதி வந்து, சிவகங்கைச் சின்ன மருதுவின் துணையோடு சிறுவயலுக்குப் போனார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களோடு அந்தக் குடும்பத்து ஆண்மக்களும் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். அவன் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அந்தப் போரில் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பதினாறு ஆண்டுகள் கழித்துத் துரைசாமியைப் பினாங்கில் நோயுற்ற மனிதனாகப் பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எதிரியின் கையெழுத்தில் கிடைத்த சாட்சி அது. மயிலப்பன் 1802இல் பிடிபட்டு அபிராமத்தில் தூக்கிலிடப்பட்டார். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, போரில் இறங்கியவர், இறங்காதவர் என்று பாராமல், தென்பாளையங்களின் மக்கள் எல்லாரும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது, மீறினால் மரணம். தலைவர்களை மட்டும் தண்டித்து நிறுத்தியிருந்தால் அது போரின் முடிவு. ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கியதால் அது வேறொன்றின் தொடக்கம் ஆயிற்று.

இங்கே ஒரு மறுப்பு வரும். பாளையக்காரர்கள் தங்கள் கிஸ்தியையும் பதவியையும் காக்கப் போரிட்ட சிற்றரசர்கள். அவர்களிடம் தேசியம் ஏது? எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பினியோடு நின்றனவே? இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. முதற்போரின்போது பெரும்பாலோருக்குத் தத்தம் பாளையமே உலகமாக இருந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்ட மருதுவின் ஜம்புத்தீவு அறிக்கையை என்ன செய்வது? அது சிவகங்கைக் குடிகளுக்கு எழுதப்பட்டதில்லை. எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருசேர விளித்து, கும்பினிப் படையில் சேவகம் செய்யும் சிப்பாய்களையும் வெளியே வரச் சொல்லி எழுதப்பட்டது. 1799க்கும் 1801க்கும் இடையில் என்ன மாறியது? புதிய நூல்கள் வரவில்லை; பத்திரிகை இல்லை. கோட்டைகள் இடிபட்டன, பாளையங்கள் பறிபோயின, காவல் உரிமைகள் ரத்தாயின. தண்டனை ஒரு பாளையத்தைத் தாண்டிப் பரவியதும், அதற்கு மறுமொழி சொன்னவரின் விளியும் ஒரு பாளையத்தைத் தாண்டிப் பரவியது. அதை இன்றைய பொருளில் தேசியம் என்று நான் சொல்லவில்லை. சாதியையும் மதத்தையும் கடந்து ஒரு பொது எதிரியைப் பெயர் சொல்லிக் காட்டிய முதல் எழுத்துகளில் ஒன்று அது என்று சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. கூட்டாகத் தண்டித்தால் கூட்டாக எழுவார்கள் என்றால், 1801க்குப் பிறகு இந்த நாடு நூறாண்டு அமைதியாகக் கிடந்தது ஏன்? ஆயுதம் பறிக்கப்பட்டது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, தண்டிக்கும் கை மறைந்துகொண்டது. 1803இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக்கப்பட்டன. அதன்பின் குடியானவன் வீட்டு வாசலில் நின்றவர் வெள்ளைக்காரர் இல்லை. ஜமீன் சேவகர், குத்தகைதாரர், வட்டிக்காரர். வழக்கு என்றால் கோர்ட்டு, வக்கீல், வாய்தா. சண்டைகள் தங்களுக்குள் திரும்பின: 1897இல் தொடங்கிய கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று, 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி எரிந்தது. நடுவில் 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஏகாதிபத்தியம் செய்த கொலைகளில் பீரங்கியால் செத்தவர்களைவிடப் பஞ்சத்தால் செத்தவர்களே மிகப் பலர். தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தபோது மக்கள் மடிந்தார்கள். இருந்தும் பஞ்சம் இங்கே கிளர்ச்சியைத் தரவில்லை. குடும்பம் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். பஞ்சம் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதில் செத்தவனுக்குத் தன்னைக் கொன்றவன் யார் என்று தெரிவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: துன்பத்தின் அளவு தேசியத்தைத் தீர்மானிக்கவில்லை, துன்பம் யார் பெயரால், யாரைக் குறிவைத்து வந்தது என்பதே தீர்மானித்தது.

1906ஆம் ஆண்டுக்கு வருவோம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாலவநத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் என்று தமிழுலகம் அவரை அறியும். வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு அவர்தான் தலைவர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பத்து லட்ச ரூபாய் மூலதனம், ஒரு பங்கு 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் தனியாளாக இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கெடுத்தார். இதைக் காட்டி ஒருவர் கேட்கலாம்: இந்த ஜமீன்தாரையும் அந்த வணிகரையும் யாரும் கூட்டாகத் தண்டிக்கவில்லையே, பத்திரிகையும் படிப்பும் வணிகப் போட்டியும் தந்த தேசியம்தானே இது? ஆம், அப்படியும் ஒரு தேசியம் இருந்தது. அதன் பெருமையைக் குறைக்க மாட்டேன். ஆனால் அது எவ்வளவு தாங்கியது என்று பாருங்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள், ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. பங்குதாரர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கைதுக்கு மறுநாள் திருநெல்வேலியில் எழுந்தவர்கள் வேறு வகை மக்கள். துப்பாக்கிச் சூட்டில் அங்கே நான்கு உயிர் போயிற்று. அதன்பின் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டது. அந்தச் செலவை ஊரார் தலையில் வரியாகக் கட்டினார்கள். ‘திமிர் வரி’ என்று பெயரும் வந்தது. கூட்டத்தில் கல்லெறிந்தவன் யார், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தவன் யார் என்று பார்க்காமல் வந்த வரி. முதல் நாள் வரை சுதேசியம் தனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்தவனிடமும் அரசு ரசீது கொடுத்து, நீயும் எதிரிதான் என்று எழுதித் தந்தது.

இனி இந்த நாட்டின் பெருங்காயத்துக்கு வருகிறேன். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சாதியை மொத்தமாகக் குற்றவாளிக் குடியாக அறிவிக்கலாம். அறிவித்தபின் அந்தக் குடியில் பிறந்த வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். கோர்ட்டுக்குப் போய் இதை மாற்றவும் வழியில்லை. கள்ளர், மறவர், குறவர், வலையர் என்று பட்டியல் நீண்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்த மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். அவர்களுக்காக வாதாட வந்த மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். கேரளத்துக் கிறித்தவரான ஒரு காங்கிரஸ்காரர் உசிலம்பட்டிச் சீமையில் இன்றும் நினைக்கப்படுகிறார் என்றால், தேசியம் அந்தக் கிராமங்களுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைந்தது என்பது விளங்கும்.

இதே விரல் ரேகை கடலுக்கு அப்பால் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வாதத்துக்கு மிக அவசியம். 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், ஆசியர் எல்லாரும் ரேகை பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் கொண்டுவரப்பட்டது. பத்து விரல் ரேகை கொடுப்பது குற்றவாளியின் அடையாளம் என்பதே அங்கே எழுந்த கொதிப்பு. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் கொளுத்தப்பட்டன. குஜராத்தி முஸ்லிம் வணிகரும் தமிழ்க் கூடைவியாபாரியும் அதுவரை ஒரே பந்தியில் உட்காராதவர்கள். சட்டம் அவர்களை ஒரே பெயரில் எழுதியது. அவர்கள் ஒரே பெயரில் சிறைக்குப் போனார்கள். தம்பி நாயுடு தலைமையில் தமிழர்களே அதிகமாகச் சிறை புகுந்தார்கள். கோட்டுக்குள் அடைபட்ட சீனரும் சேர்ந்தே எதிர்த்தார்கள். கென்யாவில் 1920 முதல் ஆப்பிரிக்க ஆண்கள் அனைவரும் ரேகை பதித்த ‘கிபண்டே’ சீட்டைக் கழுத்தில் மாட்டித் திரிய வேண்டியிருந்தது; 1922இல் அரசியல் தலைவர் ஹாரி துக்கு அதை எதிர்த்தபோது, அவர் கைதைக் கண்டித்து நைரோபியில் திரண்ட கூட்டம் ஒரே இனக்குழுவின் கூட்டமாக இருக்கவில்லை. அங்கும் போலீஸ் சுட்டது; இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரேகையும் சீட்டும் மூன்று இடத்திலும் ஒன்றே. டிரான்ஸ்வாலில் ‘ஆசியர்’ என்றும் கென்யாவில் ‘ஆப்பிரிக்கர்’ என்றும் போட்ட கோடு, நம் நாட்டில் மட்டும் ‘இன்ன சாதி’ என்று போடப்பட்டது. இந்த ஒரு வேற்றுமையிலிருந்து நம் பிற்கால வரலாற்றின் பெரும்பகுதி பிறந்தது.

1929இல் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள்மேல் ரேகைச் சட்டம் பாய்ந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய், ரேகை பதியாதே என்றார். 1934 மே மாதம் அபிராமத்தில் சட்டத்தை எதிர்த்து மாநாடு கூடியது. 1937 தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக நின்று இராமநாதபுரம் ராஜாவைத் தோற்கடித்தார். சேதுபதிக்கு எதிராக இந்தச் சீமையில் ஒருவர் வாக்கு வாங்கிவிட முடியும் என்று ஓர் ஆண்டு முன்னால் யார் நினைத்திருப்பார்? அந்த வாக்குகளில் சுயராஜ்யக் கொள்கை எவ்வளவு, ராத்திரிச் சீட்டு எவ்வளவு என்று பிரித்து எடுக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை. சுயராஜ்யம் என்றால் இரவில் தன் வீட்டில் படுப்பது என்று அந்த மக்களுக்குப் புரிந்திருந்தது. அந்தப் புரிதலைச் சின்னதென்று நினைப்பவர் சுயராஜ்யத்தையே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ராஜாஜி அமைச்சரவை சட்டத்தை நீக்காதபோது ஏமாற்றம் மிகுந்தது. தேவர் 1939இல் சுபாஷ் சந்திர போஸின் பார்வர்டு பிளாக் பக்கம் போனார். போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். 1947 ஜூனில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால், சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆயிற்று.

இது சாதிப் போராட்டம், இதைத் தேசியக் கணக்கில் எழுதலாமா என்பது ஒரு பக்கத்து மறுப்பு. காவல் கூலி என்ற பெயரில் ஊரை மிரட்டிப் பணம் பறித்ததும், கால்நடை களவு போனதும், களவுபோனதை மீட்டுத்தரத் துப்புக்கூலி வாங்கியதும் பொய்யா, அரசு சும்மாவா சட்டம் போட்டது என்பது இன்னொரு பக்கத்து மறுப்பு. இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். களவு நடந்தது, அதனால் நொந்தவர்கள் பெரும்பாலும் எளிய குடியானவர்கள், அவர்கள் துயரை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் திசைக்காவல், தலங்காவல் என்ற பழைய ஊர்க்காவல் உரிமைகளை ஒழித்து, அந்த வேலையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வேறு பிழைப்புக் காட்டாமல் விட்டதும் அதே அரசுதான். திருடியவனைப் பிடிக்க இந்தியத் தண்டனைச் சட்டம் 1860 முதல் இருந்தது. அது போதாதென்று பிறப்பையே குற்றமாக்கியது நீதிக்காகச் செய்ததில்லை. குறைந்த செலவில் ஆளுவதற்காகச் செய்தது. விசாரிப்பதற்கு ஆளும் பணமும் வேண்டும். மொத்தமாகச் சந்தேகிப்பதற்கு ஒரு பதிவேடு போதும்.

முதல் மறுப்புக்கு என் விடை, ஆம் என்றும் ஆகாது என்றும் சேர்ந்தே வரும். அரசு சாதியாகத் தண்டித்ததால் சாதியாகத் திரண்டு எதிர்த்தார்கள். வேறு எப்படித் திரண்டிருக்க முடியும்? அந்தத் திரட்சி விடுதலைக்கு வலிமை சேர்த்தது. அதே திரட்சி, விடுதலைக்குப் பின், தன்னைவிட எளியவர்கள் சமமாக எழுந்து நின்றபோது அதைப் பொறுக்கவில்லை. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தேவேந்திரகுலத் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலை செய்யப்பட்டார். முதுகுளத்தூர்க் கலவரத்தில் தேவேந்திரகுல மக்கள் பலர் உயிரையும் வீட்டையும் இழந்தார்கள். அதற்குக் காலனி ஆட்சியைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தாண்டு சுதந்திரத்துக்குப் பிறகு செய்த கொடுமைக்குச் செய்தவர்களே பொறுப்பு. அதே செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் மறவர் ஐவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கோபத்தில் இருந்த அரசு ஓர் ஊரைத் தண்டித்தது. கும்பினியாரிடம் கற்ற முறை கொடி மாறிய பின்னும் மாறவில்லை. அந்த இரு கொடுமைகளையும் ஒரே மூச்சில் கண்டிக்க முடியாமல் இந்த மாவட்டங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்தனி நினைவு நாட்களில் தனித்தனியாக நிற்கின்றன.

ரேகைச் சட்டம் போன மறு ஆண்டே, 1948இல், சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாதிப் பெயர் போயிற்று. சந்தேகப் பட்டியல் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. எந்தக் குடி, எந்த மதம், எந்த ஊர் என்று பார்க்காமல், மொத்தமாகச் சந்தேகிக்கும் ஆணை எங்கு வந்தாலும் அதை எதிர்க்க வேண்டிய கடமை மற்றவர்களைவிட இந்த மண்ணின் மக்களுக்கு அதிகம். இவ்வூரிலும் அருப்புக்கோட்டையிலும் வரலாறு படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ரேகைப் பதிவேடுகள், ஜமீன் கணக்குகள், காவல் நிலைய வருகைப் பேரேடுகள் ஆகியவற்றில் எஞ்சியவற்றை ஆவணக் காப்பகங்களில் தேடிப் படியுங்கள். ரேகை பதிந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்னும் இருக்கும் வீடுகளுக்குப் போய் எல்லாச் சாதித் தெருவிலும் கேட்டு எழுதுங்கள். சித்திரங்குடிக்கும் பாலவநத்தத்துக்கும் தனித்தனி வரலாறு வேண்டும்; அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.